கோப்பு நிறைந்தால் போதுமா?



பொதுச் சேவையைச் சீர்திருத்த முனைந்த வளரும் நாடுகள் பல, மேலைநாட்டு நிர்வாக முறைகளை இரவல் வாங்கின. மலேசியாவும் விலக்கன்று. பிரிட்டனில் 1991இல் குடிமக்கள் சாசனம் வந்தது. இங்கு 1993இல் வாடிக்கையாளர் சாசனம் வந்தது. 1996இல் ஐஎஸ்ஓ தரமுறை அரசு அலுவலகங்களுள் நுழைந்தது. 2009இல் அமைந்த பெமாண்டு, அடைவுக் குறியீடுகளை முன்னிறுத்தியது. 2010இல் தொடங்கிய லினுஸ் திட்டம், சிறப்புத் தேவையுடையோர் நீங்கலாக, மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் மாணவர் அனைவரும் மலாய் எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவேண்டும் என்றது.

இலக்கில் குறையில்லை. ஆனால், விழுக்காடு மட்டுமே மேலிடத்தை எட்டியது. வகுப்பறையில் நிற்பவரின் கருத்து எட்டவில்லை. எழுத்துக்கூட்டத் திணறிய மாணவனோடு அமரவேண்டிய அரைமணி நேரத்தை, அவனைப் பற்றிய விவரங்களைக் கணினியில் பதிவேற்றுவதில் நான் கழித்திருக்கிறேன். இன்றும் அது உறுத்துகிறது.

அளவீடே வேண்டா எனக் கூறவில்லை. அளந்தபின், பின்தங்கிய பள்ளிக்கு விளக்கக் கடிதம் கேட்டு எழுதாதீர்கள். கூடுதலாக ஓர் ஆசிரியரை அனுப்புங்கள். பெற்றோர்களே, பள்ளிக்கு வரும்போது தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நில்லாதீர்கள். "என் பிள்ளை தானாக வாசிக்கிறானா?" என்று கேளுங்கள்.

சிந்திப்போம்.