மூலமில்லாத உரை

இறையனார் களவியலின் கதை மதுரைக்காரர்களுக்குப் பழக்கமானது. செப்பேட்டில் 60 சூத்திரங்கள் கிடைத்தன. மூலம் கையில் இருந்தது. மெய்யுரை எது என்பதில்தான் சங்கத்தாருக்குள் வழக்கு. கணினியில் நிலைமை தலைகீழ். ஒய்-ஃபை சில்லு இயங்குவதற்கு அதனுள் ஏற்றவேண்டிய ‘ஃபர்ம்வேர்’ என்னும் சிறு நிரலைப் பல நிறுவனங்கள் இயந்திர மொழியில் மட்டுமே தருகின்றன. மூலநிரல் அவர்களது பெட்டகத்தில்.

இதைக் கட்டற்ற மென்பொருள் வழங்கல்கள் சேர்க்கலாமா? டெபியன் குழுவினர் 2022இல் வாக்கெடுத்து, தம் சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, சேர்க்கலாம் என்றனர். 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பின் நிறுவியிலேயே அது இருந்தது. கொள்கை செத்தது என்று அன்று எழுந்த புலம்பல் இன்னும் ஓயவில்லை.

புலம்புவோரை நாங்கள் கேட்கிறோம்: உசிலம்பட்டியில் ஒரு மாணவி பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒய்-ஃபை எழும்பவில்லை. இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். கோப்பைப் பெற இணையம் வேண்டும். சலித்துப்போய்த் திருட்டு விண்டோஸுக்குத் திரும்புவாள். ஒரு சிறு கோப்பை மறுத்து, முழு இயங்குதளத்தையும் மூடியதாக அவளிடம் கொடுத்துவிட்டோம். இதுவா தூய்மை?

இன்னொரு முரணும் உண்டு. அதே நிரல் சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டு வந்தால் தூய்மைவாதிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். கோப்பாக வந்தால்தான் தீட்டு. உண்மையில் கோப்பையாவது நாளை மாற்றி எழுதலாம். பொறித்ததை யார் மாற்றுவது?

விட்டுக்கொடுக்காதவர்களின் பிடிவாதம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏத்தெரோஸின் சில யூஎஸ்பி ஒய்-ஃபை சில்லுகளுக்கான மூலநிரல் 2013இல் வெளிவந்ததில் அத்தகையோரின் பங்கு உண்டு. அந்த நெருக்குதல் தொடரட்டும். ஆனால் அது நிறுவனங்களின் கழுத்தில் விழவேண்டிய பிடி. மாணவியின் கழுத்தில் அல்ல.

எனவே சேர்க்கலாம், மறைக்காமல். டெபியன் இவற்றைத் தனிப் பிரிவில் வைத்து, கட்டற்றவை அல்ல என்று பெயரிலேயே சொல்கிறது. வேண்டாதவர் நிறுவும்போதே விலக்கவும் வழி தருகிறது. இதுவே நேர்மை.

ஏடு சிதைந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுவார். அந்த இடைவெளிக்காக நூலைப் பதிப்பிக்காமல் விடமாட்டார். இடைவெளியே இல்லை என்று நடிக்கவும் மாட்டார். புள்ளியிட்ட இடத்துக்குரிய ஏட்டைத் தேடிக்கொண்டே இருப்பார். நமக்கு வேண்டியதும் அந்தப் பதிப்பு நெறிதான்.