ஒளிபரப்புப் பணமும் சிறிய கிளப்புகளும்

ஐ.பி.எல். ஆட்டங்களை 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பும் உரிமை 2022 ஜூன் மாதத்தில் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது, அந்தத் தொகையைக் கண்டு வியக்காதவர் அரிது. அது யாருக்கு எந்த விகிதத்தில் போய்ச் சேருகிறது, அந்த விகிதம் நியாயமானதுதானா என்று கேட்டவர்களோ அதனினும் அரிது. அந்த ஒப்பந்தத்தின் காலம் முடிய நெடுநாள் இல்லாத இவ்வேளையில் அக்கேள்வியை எழுப்புவது நம் கடமை.

இந்தியக் கிரிக்கெட் வாரியம் செய்திருக்கும் நல்ல காரியத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒளிபரப்பு வருவாயில் ஏறத்தாழப் பாதி பத்து அணிகளுக்கும் போகிறது. அதில் மிகப் பெரும்பகுதி, ரசிகர் கூட்டம் பெரிதா சிறிதா என்று பாராமல், எல்லா அணிகளுக்கும் சமமாகவே பிரிக்கப்படுகிறது. அமெரிக்கக் கால்பந்து லீக் 1961-லேயே பீட் ரொசெல் என்பவரின் முயற்சியால் இந்த வழிக்கு வந்தது; ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மட்டுமே வசிக்கும் கிரீன் பே என்னும் சிறு நகரத்தின் அணி, நியூயார்க் அணிகளோடு இன்றளவும் சரிநிகராக நின்று ஆடுவதற்கு அதுவே ஆதாரம். ஸ்பெயின் கால்பந்திலோ ஒவ்வொரு கிளப்பும் தன் உரிமையைத் தானே விற்றுக்கொண்ட காலத்தில் ரியல் மாட்ரிடும் பார்சிலோனாவும் கொழுத்து மற்றவை மெலிந்தன. 2015-ல் அரசாங்கமே சட்டம் கொண்டுவந்து அம்முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் சமத்துவம் பத்து அணிகளோடு நின்றுவிடலாமா?

தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கத்துப் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடப் பழகிய காலி மனைகள் பலவற்றில் இன்று அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அவர்களில் தேறியவன் ஒருவன் ஏதாவதொரு சிறிய கிளப்பில் சேர்ந்து கீழ் டிவிஷன் லீக் மேட்சுக்குப் போகிறான். பொழுது விடியும்முன் சுருட்டிய பிட்ச் மேட்டை நான்கு பேர் தோளில் சுமந்துவந்து விரித்து, ஓரங்களை இழுத்துப் பிடித்து, இரும்பாணிகளைச் சம்மட்டியால் அறைந்து இறுக்குகிறார்கள்; ஓரிடத்தில் தளர்ந்தாலும் பந்து எகிறி முகத்தைப் பதம்பார்க்கும் என்பதால் அந்த வேலையில் அவர்கள் காட்டும் சிரத்தை பெரிது. கிரவுண்டு வாடகை, பந்து, அம்பயர் கட்டணம், மதியச் சாப்பாடு ஆகிய யாவற்றுக்கும் செயலாளர் தம் சம்பளத்திலிருந்தும் நண்பர்களிடமிருந்தும் பணம் திரட்டுகிறார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன், சென்னையில் நான்காம் டிவிஷனில் ஆடித்தான் மேலே வந்தார். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை மூன்று கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார். கீழ் டிவிஷன் என்ற படி இல்லாதிருந்தால், அவருடைய யார்க்கர் பந்துகளை உலகம் பார்த்திருக்குமா?

ஒளிபரப்புப் பணத்தில் இத்தகைய கிளப்புகளுக்கும் பங்கு வேண்டும் என்பது தர்மம் கேட்பதன்று, உரிமை கேட்பது. 1993-ல் ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்பைப் பற்றி எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தபோது, வான் அலைகள் பொதுமக்களின் சொத்து, அவற்றைப் பொது நன்மைக்காகவே பயன்படுத்த வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்லிற்று. தூரதர்ஷனின் பிடியிலிருந்து கிரிக்கெட்டை விடுவித்து, வாரியத்தின் செல்வத்துக்கு வாசல் திறந்துவிட்டதே அந்தத் தீர்ப்புதான். பொதுச் சொத்தின் பெயரால் பிறந்த செல்வத்தில் மேட் விரிக்கும் பையனுக்குப் பாத்தியதை இல்லை என்று எந்த நியாயத்தைக் கொண்டு சொல்வது?

உலகக் கால்பந்து சம்மேளனம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் விலை பேசப்பட்டு நாடு விட்டு நாடு மாறும்போது, அத்தொகையில் ஐந்து விழுக்காடு, அவருடைய 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பகிரப்படுகிறது. நம் வாரியமும் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை இவ்வாறே தனியே எடுத்து வைத்து, மாநிலச் சங்கங்களின் வழியாக, இளைஞர்களையும் பெண்களையும் ஆளாக்கும் கிளப்புகளுக்கு விதிப்படி கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் நடத்தும் முதல் டிவிஷன் அணிகளுக்கும் இதில் சமபங்கு தருவது வீண். பத்து அணிகளுக்கிடையே சமத்துவம் நியாயமாவதுபோல், கிளப்புகளுக்கிடையே தேவையும் உழைப்புமே அளவுகோலாக இருப்பது நியாயம். கீழே போகும் பணம் வழியிலேயே கரைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. எனவே எந்தக் கிளப்புக்கு எவ்வளவு, அது எதற்குச் செலவாயிற்று என்ற கணக்கை ஆண்டுதோறும் சங்கம் அச்சிட்டு வெளியிட வேண்டும்; கணக்குக் காட்டாத கிளப்புக்கு மறு ஆண்டு ஒரு காசும் தரலாகாது.

2027 ஆட்டங்களோடு இப்போதைய ஒப்பந்தம் முடிகிறது. புதிய டெண்டர் விடுவதற்கு முன்பே இந்த விதி எழுதப்பட்டாக வேண்டும். பணம் பங்காகிக் கைமாறிய பிறகு அதைத் திரும்பக் கேட்டுப் பெற்றவர் எவருமில்லை. தாம்பரத்துச் சுற்றுவட்டாரத்தில் கிளப் நடத்தும் செயலாளர்கள் ஒன்றுகூடி, இக்கோரிக்கையை எழுத்து மூலமாகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு இந்த ஆண்டே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.