கோயிலா? மண்டபமா?

பிரான்சு தேசத்துப் பாரிஸ் நகரின் பழைய பாகத்திலே, ஒரு மேட்டின்மேல் பாந்தியோன் என்கின்ற பெரிய கட்டடம் ஒன்று நிற்கின்றது. அதன் சரித்திரத்தைக் கடவுள் பக்தர்கள் சற்று நிதானமாய் யோசித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

1744ல் பதினைந்தாம் லூயி அரசன் கடும் நோயாய்ப் படுத்தபோது, பிழைத்தால் அந்நகரின் காவல் தெய்வமாய்க் கருதப்பட்ட ஜெனவீவ் அம்மாளுக்குப் புதுக்கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டான். பிழைத்தும் விட்டான். நேர்த்திக்கடன் அரசனுடையது, பணமோ ஜனங்கள் வாங்கிய லாட்டரிச் சீட்டிலிருந்து வந்தது!

1764ல் அஸ்திவாரக்கல் நாட்டி, 1790ல் வேலை முடிந்தது. அதற்குள் புரட்சி வந்துவிட்டபடியால், 1791ல் தேசீய சபையார் அதனை நாட்டின் பெரியோர்களை அடக்கம் செய்யும் மண்டபமாக்கிவிட்டார்கள். 1778ல் இறந்தபோது பாரிஸில் பாதிரிமார் புதைக்க இடங்கொடாத வால்டேரின் உடல், அவ்வருஷமே ஊர்வலமாய்க் கொண்டுவந்து அங்கு வைக்கப்பட்டது.

நிற்க, 1806ல் நெப்போலியன் அதை மறுபடியும் கோயிலாக்க உத்தரவிட்டான். 1830ல் மண்டபமாயிற்று. 1851 மார்ச்சு மாதத்தில் ஃபூக்கோ என்கின்ற விஞ்ஞானி அதன் கூரையிலிருந்து 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை ஜனங்கள் கண்ணாலேயே காணும்படி செய்தார். அவ்வருஷம் டிசம்பரிலேயே திரும்பவும் அதைக் கோயிலாக்கினார்கள். அதற்காகப் பூமி சுழல்வதை நிறுத்திவிடவில்லை! கடைசியாக 1885ல் விக்டர் யூகோவை அடக்கம் செய்வதற்காக மண்டபமாக்கியதுதான் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இத்தனை தடவை கடவுளை உள்ளே விட்டதும் வெளியே அனுப்பியதும் யார்? சர்க்கார் உத்தரவுக் கடுதாசியல்லவா? ஒரு தடவையாவது அக்கடவுள் ஆட்சேபித்ததுண்டா? கல்லிலே புனிதமிருந்தால் கடுதாசிக்குப் பயந்து அது ஓடுமா?

ஆனால், கடவுளை அனுப்பிவிட்டதோடு காரியம் முடிந்ததென்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். அம்மண்டபத்து முகப்பில், பெருமை பெற்ற ஆண்களுக்கே நாடு நன்றி செலுத்துவதாகப் பொறித்திருக்கின்றது. 1907ல் முதல் முதல் இடம்பெற்ற பெண்ணும் இன்னாருடைய மனைவி என்பதற்காகவே கணவனோடு வைக்கப்பட்டார். சொந்த யோக்கியதைக்காக ஒரு பெண், அதாவது மேரி கியூரி அம்மையார், உள்ளே போவதற்கு 1995 வரை ஆயிற்று. பாதிரி போனாலும் ஆண் ஆணவம் போகவில்லை என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்?

ஆகவே தோழர்களே, கட்டடத்தைக் கட்டினவன் மனிதன். அதைப் புனிதமென்றவனும் மனிதன். இன்னார் வரலாம், இன்னார் வரக்கூடாதென்றவனும் மனிதனே. மனிதன் செய்த ஏற்பாடு அநீதியாயிருந்தால் மனிதனே அதை மாற்றலாம். "ஆதிகாலந்தொட்டு இப்படித்தான்" என்று எவனாவது சொன்னால், எந்த வருஷத்திலிருந்து, யார் உத்தரவின்மேல் என்று தைரியமாய்க் கேளுங்கள்.