ரீசார்ஜ் சுமை: சிம் மாற்றுவதற்கு முன் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்

2024 ஜூலை 3, 4 தேதிகளில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து கட்டணத்தை உயர்த்தின. தினமும் 1.5 ஜிபி தரும் ஜியோவின் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 28 நாள் என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். நான்கு ஃபோன் உள்ள வீட்டில் ஆண்டுச் செலவு 12,428 ரூபாயிலிருந்து 15,548 ரூபாயாக ஏறியது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தினக்கூலியையோ வளைகுடாவிலிருந்து வரும் பணத்தையோ வைத்து நடக்கும் குடும்பங்களுக்கு, கூடுதலான இந்த 3,120 ரூபாய் சின்னத் தொகை அல்ல.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கட்டணத்தை உயர்த்தாத அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் பக்கம் திரும்பினார்கள். டிராய் வெளியிட்ட கணக்குப்படி, அந்த ஜூலையில் மட்டும் பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் பேரும், ஆகஸ்டில் சுமார் 25 லட்சம் பேரும் கூடினர். ஆகஸ்டில் ஜியோ ஏறத்தாழ 40 லட்சம் இணைப்புகளை இழந்தது. ஆனால் நவம்பரில் காற்று திசை மாறியது. பிஎஸ்என்எல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. ஜியோ 12 லட்சம் பேரைச் சேர்த்தது.

விலை இழுத்தது, சிக்னல் பிடித்து வைக்கவில்லை. அப்போது பிஎஸ்என்எல்லின் 4ஜி நாடு முழுவதும் வந்திருக்கவில்லை. உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்ட அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்றுதான் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. எனவே 2024இல் மாறிவிட்டுத் திரும்பியவர்களின் அனுபவத்தை மட்டும் வைத்து இன்று முடிவெடுக்க முடியாது. விளம்பரத்தை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. அக்கம்பக்கத்தில் ஒருவரின் பிஎஸ்என்எல் சிம்மை வாங்கி, நம் வீட்டுக்குள்ளும் வேலை செய்யும் இடத்திலும் ஒரு நாள் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. பாகூர் வயலோரத்தில் கிடைக்கும் சிக்னலும் வில்லியனூர் கடைத்தெருவில் கிடைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜியோபாரத் போன்ற ஃபோன்களில் வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாது என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறுவனத்தை மாற்றாமலேயே மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. பேச மட்டுமே ஃபோன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் டேட்டா சேர்த்துதான் ரீசார்ஜ் செய்து வந்தோம். பயன்படுத்தாத டேட்டாவுக்குக் கொடுக்கும் பணம் வீண்விரயம்தான். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்றது. அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 365 நாட்களுக்கு 1,849 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டு வந்தது. 28 நாளுக்கு 299 வீதம் ஆண்டுக்கு 3,887 ரூபாய் கட்டுவதோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. வைஃபை உள்ள வீடுகளில் மற்றவர்களின் ஃபோனுக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நம் குடும்பங்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டில் பெண்கள் பயன்படுத்தும் சிம் பல நேரம் வெளிநாட்டில் இருக்கும் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கிறது. சிம் யார் பெயரில் உள்ளதோ அவரே நேரில் வந்தால்தான் போர்ட் செய்ய முடியும். ஆகவே அவர் விடுமுறையில் வரும்போதே இந்த வேலையை முடிக்க வேண்டும். வளைகுடாவில் இருப்பவரின் இந்திய எண்ணில்தான் வங்கி ஓடிபி வருகிறது. ரீசார்ஜ் இல்லாமல் அந்த எண் துண்டிக்கப்பட்டால், 90 நாட்களுக்குப் பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாறும்போது, வெளிநாட்டில் ஓடிபி வருமா என்று முதலில் கேட்டுக்கொள்வது அவசியம்.

மாறுவது என்று முடிவெடுத்தால் வழி எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, நம் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு இடக் குறியீடு வரும். அதை ஆதாரோடு புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்க வேண்டும். புதுச்சேரி, தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்திலேயே இருப்பதால் மூன்று வேலை நாட்களில் மாறிவிடும். பழைய சிம்மில் மிச்சமிருக்கும் பணமும் நாட்களும் கூட வராது. அதனால் வேலிடிட்டி முடியும் தறுவாயில் மாறுவதே நல்லது. ஒரு முறை மாறினால் 90 நாட்களுக்கு மீண்டும் மாற முடியாது.

வீட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. வங்கியோடு இணைந்த எண்ணை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, முதலில் வேறோர் எண்ணை மாற்றிப் பார்ப்போம். மூன்று மாதம் நன்றாக ஓடினால் அடுத்ததைப் பற்றி யோசிக்கலாம்.