சுவருக்கு முன் கிணறுகளை மூடுங்கள்

ஜகார்த்தாவின் வடகரையில் உள்ள முவாரா பாருவில் தடுப்புச் சுவருக்கு இப்புறம் தெரு, அப்புறம் கடல். ஓதம் ஏறும் நேரத்தில் கடல்மட்டம் தெருவைவிட உயரத்தில் நிற்கிறது. சுவருக்கு வெளியே வால் அதுனா பள்ளிவாசல் தண்ணீருக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. ஒரு காலத்தில் மக்கள் நடந்துபோய்த் தொழுத இடம் அது. கடல் பொங்கி ஊருக்குள் வந்துவிட்டது என்றே பார்ப்பவர் எவரும் நினைப்பார். இந்தோனேசிய அரசும் அப்படியே நினைப்பதுபோல் நடந்துகொள்வதுதான் கவலை தருகிறது.

ஜகார்த்தா விரிகுடாவின் ஓதம் பெரியதன்று. பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை ஏறி ஒருமுறை வடியும். ஏற்றத்துக்கும் வடிதலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். வடமேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையில் நீர் சற்றுக் கூடுதலாகக் குவியும். நிலவுப் பாதையின் சாய்வு 18.6 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைவதால் சில ஆண்டுகளில் ஓதம் கொஞ்சம் உயரும். இவையெல்லாம் டச்சுக்காரர்கள் அந்த ஊரைப் படாவியா என்று அழைத்த காலத்திலும் இருந்தவை. அன்று கரையைத் தாண்டாத ஓதம் இன்று தெருவுக்குள் நுழைகிறதென்றால், மாறியிருப்பது ஓதமன்று.

புவி வெப்பமாதலால் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் ஏறுகிறது. இதில் ஐயமில்லை, வேகமும் கூடிவருகிறது. ஆனால் ஜகார்த்தாவின் தரை ஆண்டுக்கு 1 முதல் 15 செ.மீ. வரை இறங்கியிருப்பதைப் பாண்டுங் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து சொல்லிவருகிறார்கள். சில இடங்களில் அது 20 செ.மீ.யையும் தாண்டியது. ஆண்டுக்கு 4 மி.மீ. வீதம் கடல் ஏற ஒரு நூற்றாண்டு பிடிக்கும் 40 செ.மீ. உயரத்தை, ஆண்டுக்கு 10 செ.மீ. இறங்கும் நிலம் நான்கே ஆண்டுகளில் இழந்துவிடுகிறது. நகரின் ஏறத்தாழ 40 சதவீதப் பரப்பு இன்று கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரையில் நட்ட அளவுகோல் இதைப் பிரித்துக் காட்டாது. கோலும் நிலத்தோடு சேர்ந்தே இறங்குவதால், தண்ணீர் ஏறியதாகவே அது கணக்குச் சொல்லும். செயற்கைக்கோள் அளவீடுகள் வந்த பிறகு கடலின் ஏற்றத்தையும் நிலத்தின் இறக்கத்தையும் தனித்தனியே கணக்கிடுவது எளிதானது.

நிலம் ஏன் இறங்குகிறது? ஜகார்த்தா 13 ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மேல் அமர்ந்த நகரம். மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்க, இடுக்குகளில் நிறைந்த நீர் மேலுள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கி நின்றது. ஆழ்துளைக் கிணறுகள் அந்த நீரை உறிஞ்சியதும் களிமண் நெருங்கி இறுகியது. இறுகிய களிமண் எத்தனை மழை பெய்தாலும் பழையபடி விரியாது. கட்டடங்களின் எடையும், இளம் வண்டல் தானாகவே படிந்து இறுகுவதும் காரணங்கள் என்று சில நிலவியலாளர்கள் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் இந்தக் காரணங்களில் அரசு ஆணை ஒன்றால் நிறுத்தக்கூடியது நீர் உறிஞ்சுவது மட்டுமே.

இந்த நிலையில்தான் அதிபர் பிரபோவோ சுபியாந்தோ, ஜாவாவின் வடகரை நெடுக, பாந்தெனிலிருந்து கிரெசிக் வரை மாபெரும் கடற்சுவர் எழுப்பப்போவதாக 2025இல் அறிவித்தார். மதிப்பீடு 8,000 கோடி டாலர். இந்தத் திட்டத்தை இன்றுள்ள வரிசையில் நாம் ஏற்க முடியாது. சுவரும் அதே களிமண்ணின் மேல்தான் நிற்கப்போகிறது. நிலம் இறங்கினால் சுவரும் இறங்கும். விரிகுடாவை அடைத்தால் 13 ஆறுகளின் வெள்ளமும் நகரத்தின் கழிவும் உள்ளேயே தேங்கும், காலமெல்லாம் இறைத்து வெளியேற்றியாக வேண்டும். முவாரா அங்கேயில் படகு கட்டுபவர்களும், விரிகுடாவில் மூங்கில் நட்டுப் பச்சைச் சிப்பி வளர்ப்பவர்களும் கடலுக்குப் போகும் வழி என்னவாகும்? நிலத்தடி நீரை ஆழத்திலிருந்து எடுத்தவை பெரும்பாலும் அடுக்குமாடிகளும் விடுதிகளும் ஆலைகளும். அதற்கான விலையை மீனவர் கொடுப்பது எந்த நியாயம்?

நிலம் இறங்குவதை நிறுத்த முடியும் என்பதற்கு டோக்கியோ விரிகுடாவே சான்று. அங்கே கோத்தோ தாழ்நிலத்தின் சில பகுதிகள் 4 மீட்டருக்கும் மேல் இறங்கின. 1956இல் ஆலைகளுக்கும் 1962இல் கட்டடங்களுக்கும் நிலத்தடி நீர் எடுக்கச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆலைகளுக்கு மாற்று நீர் கொடுக்கப்பட்டது. 1970களின் இறுதிக்குள் இறக்கம் ஏறக்குறைய நின்றது. நிலத்தடி நீர் மீண்டும் ஏறிய வேகத்தில், டோக்கியோ, உயெனோ நிலத்தடி ரயில் நிலையங்கள் மேலெழுந்துவிடாமலிருக்க எடை ஏற்றியும் நங்கூரமிட்டும் பிடித்துவைக்க நேர்ந்தது. இறங்கிய நிலம் எழவில்லை என்பதும் உண்மை. அதனால் டோக்கியோவுக்கும் சுவர்கள் வேண்டியிருந்தன. ஆனால் அவை ஓரிடத்தில் நிற்கும் நிலத்தைக் காக்கும் சுவர்கள்.

ஜகார்த்தா எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது தவறு. முக்கியப் பகுதிகளில் எட்டு மாடியோ 5,000 சதுர மீட்டரோ கொண்ட பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுக்க 2023 ஆகஸ்டு முதல் தடை இருக்கிறது. இறக்கத்தின் வேகம் பல இடங்களில் தணிந்திருப்பதையும் அண்மை அளவீடுகள் காட்டுகின்றன. ஆனால் கிணற்றை மூடச் சொல்பவர் குழாயைக் கொடுக்க வேண்டாமா? 1998இல் தொடங்கிய 25 ஆண்டுத் தனியார் குடிநீர் ஒப்பந்தம் 2023இல் முடிந்தபோதும், மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்நீர் எட்டியிருக்கவில்லை. 2030க்குள் அனைவருக்கும் தருவதாக நகர நிர்வாகம் வாக்களித்திருக்கிறது. சுவருக்கென ஒதுக்கும் பணத்தின் முதல் தவணை இந்தக் குழாய்களுக்கும், ஆற்றுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கும் போகட்டும். தடை ஆலைகளுக்கும் நீளட்டும். ஒரே நீர்ப்படுகையைப் பகிரும் பெக்காசியிலும் தாங்கெராங்கிலும் உறிஞ்சிக்கொண்டிருந்தால் ஜகார்த்தாவில் மட்டும் கிணற்றை மூடிப் பயன் குறைவு. கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் மக்கள் பார்க்கும்படி வெளியிடட்டும்.

தலைநகரை ஜகார்த்தாவிலிருந்து போர்னியோவில் உள்ள நுசந்தாராவுக்கு மாற்றும் முடிவு 2019இலேயே வந்துவிட்டது. அமைச்சகங்கள் போகலாம், விரிகுடாவைச் சுற்றி வாழும் மூன்று கோடி பேர் போக முடியாது. கிழக்கே அதே வடகரையில் பெக்காலோங்கானும் செமாராங்கும் இப்படியே இறங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த ஊர்களில் சுவருக்கு அடிக்கல் நாட்டும் முன், அங்குள்ள ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றையும் கணக்கெடுத்து மீட்டர் பொருத்த அதிபர் ஆணையிட வேண்டும்.