தானே எழும் பணியாள்

ஐப்பசி இடிமழையை அறியாதவர் நெய்யாற்றங்கரைப் பக்கத்தில் இலர். பிற்பகலில் வானம் இருளும், மின்னல் வெட்டும், மின்சாரம் போகும். கோட்டுகாலில் நான் தங்கியிருக்கும் வீட்டிலும் இதே கதை. ஆய்வுக்கூடத்திலும் இதே கதை.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மாலை அப்படித்தான் மின்சாரம் போயிற்று. சற்று நேரத்தில் வந்தும் விட்டது. கணினி எழுந்தது. ஆனால் மூன்று வெப்ப உணரிகளின் அளவுகளைக் குறித்துவந்த நிரல்கள் எழவில்லை. திங்களன்று பார்த்தால் இரண்டரை நாள் அளவுகள் வெறுமை! குற்றம் மின்சாரத்தினுடையது அன்று, என்னுடையதே.

லினக்சில் பணிகளை மேற்பார்க்கும் சிஸ்டம்டி 2010இல் வெளிவந்தது. 2015இல் டெபியனும் உபுண்டுவும் அதனையே இயல்பாக ஏற்றன. அதனிடம் 'ஸ்டார்ட்' என்றால், 'இப்போது வேலை செய்' என்று பொருள். 'எனேபிள்' என்றால், 'கணினி எழும்போதெல்லாம் நீயும் எழு' என்று பொருள். பணிக்கோப்பின் இறுதியில் 'வான்டட்பை' வரி இருந்தால்தான் இந்த இரண்டாம் கட்டளை பலிக்கும். நான் முதலாவதைச் சொன்னேன், இரண்டாவதை மறந்தேன்.

மூன்று உணரிகளுக்கு மூன்று கோப்புகள் எழுதியதும் பேதைமையே. கோப்பின் பெயரில் '.சர்வீஸ்' என்பதற்கு முன் @ குறியிட்டால் அது வார்ப்பாகிவிடும். குறிக்குப் பின் 1, 2, 3 என்று சேர்த்து அழைத்தால், ஒரே வார்ப்பிலிருந்து மூன்று பணிகள் பிறக்கும். திருத்தம் வந்தால் ஓரிடத்தில் திருத்தலாம். ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை தம் வேலையைத் தொடரும்.

"இதெல்லாம் கணினித் துறையார் வேலை, நமக்கென்ன?" என்பர் சில நண்பர்கள். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பட்டது இதே திருவனந்தபுரத்தில் அன்றோ? இம்மாநிலத்து அரசுப் பள்ளிச் சிறுவர்கள் லினக்சில் பாடம் கற்கிறார்கள். முதுகலை பயிலும் நாம் அதற்கு அஞ்சுவதா?

ஈராண்டில் நாம் ஊர் திரும்பிவிடுவோம். நாம் தொடங்கிய அளவீடு தொடர வேண்டும். நமக்குப் பின் வரும் தம்பியும் தங்கையும் அதனை நம்பித்தான் ஆய்வு செய்வர். நம் கை பட்டால்தான் எழும் என்ற நிலையில் ஒரு பணியை விட்டுச் செல்வது முறையாகாது.

ஆகவே தோழர்களே, அடுத்த இடிக்குக் காத்திராதீர்கள். இவ்வாரமே உங்கள் கணினியை நீங்களே ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பாருங்கள். எவை எழவில்லையோ, அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.