வீட்டில் விழுந்தாரா, வேலையில் விழுந்தாரா?

சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட தொழிலாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் மேஸ்திரி, சீட்டு எழுதுமிடத்தில் சொல்லும் முதல் வார்த்தை என்ன? "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டார்." வலியில் துடிப்பவர் மறுத்துப் பேசுவதில்லை. ஓடிவந்த மனைவிக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. அந்த ஒரு வரியோடு முதலாளியின் பொறுப்பு முடிந்தது. நம் வீட்டின் பொறுப்பு ஆரம்பமாயிற்று!

தோழர்களே, தாய்மார்களே! அந்த ஒரு வரி நம்மிடமிருந்து எவ்வளவு பறிக்கிறது என்று கணக்குப் பார்ப்போம்.

முறிந்த கீழ்க்கால் எலும்பு சேர 3 மாதம் முதல் 6 மாதம் வரை ஆகலாம். அத்தனை நாளும் அவர் கிடப்பது எங்கே? ஸ்ரீராமபுரத்திலும் ஈஜிபுராவிலும் நம்மவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில். காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்கிறார் டாக்டர். அவர் நீட்டிப் படுத்தால் பிள்ளைகளுக்கு இடமில்லை. காலை ஊன்றக் கூடாது என்கிறார்; கக்கூஸோ குந்தி உட்காருவது, அதுவும் நாலு குடித்தனத்துக்குப் பொது. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவை அறுத்து அதில் உட்கார வைத்துச் சமாளிக்கிறார்கள் நம் தாய்மார்கள். தண்ணீர் பிடிப்பது, குளிப்பாட்டுவது, மறுபரிசோதனைக்கு மாடிப்படியில் தாங்கி இறக்கி ஆட்டோ பிடிப்பது எல்லாம் அவர்கள் தலையில். அதற்காக மனைவி தான் பார்த்துவந்த வீட்டு வேலையை விடுகிறார். மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விடுகிறாள். விழுந்தவர் ஒருவர், கூலி இழந்தவர் இருவர், படிப்பு இழந்தவள் ஒருத்தி!

இந்த நேரத்தில் மேஸ்திரி வந்து சில ஆயிரம் ரூபாயை நீட்டுகிறார். "நல்ல மனுஷன்" என்று நாமே கும்பிடுகிறோம். அந்தப் பணம் அட்வான்ஸ் நோட்டில் கடனாக ஏறியிருப்பது, கால் ஆறி வேலைக்குப் போகும்போதுதான் தெரிகிறது.

ரெயில்வேயில் நிரந்தர வேலையில் இருக்கும் நாங்கள் பணியில் அடிபட்டால் சம்பளத்தோடு விடுப்பில் இருக்கிறோம். அதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. அதே தண்டவாளத்தோரம் காண்டிராக்டரிடம் கல் சுமப்பவரின் எலும்பு மட்டும் வேறு எலும்பா?

வேலையில் அடிபட்டவருக்குக் காப்பீடு வேண்டுமென்று ஜெர்மனி 1884-லேயே சட்டம் போட்டது. இந்தியாவில் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1923-ல் வந்தது. இன்று அந்த உரிமை 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு, வேலையில் அடிபட்டு வீட்டிலிருக்கும் காலத்துக்குக் கூலியில் நூற்றுக்கு 90 வீதம் கிடைக்க வேண்டும். ராஜாஜிநகரிலும் இந்திராநகரிலும் அதன் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு முதலாளியே பொறுப்பு: 3 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற்போனால் மாதக் கூலியில் 25 வீதம், மாதம் இருமுறை. அதாவது பாதிக் கூலி. கணக்குக்கு உச்சவரம்பு உண்டு. வைத்தியச் செலவு தனி. கட்டடக் கம்பெனி துணைக் காண்டிராக்டரை வைத்து வேலை வாங்கினாலும் கம்பெனியிடமே கேட்கலாம். "நஷ்ட ஈடு வேண்டாம்" என்று கைநாட்டு வாங்கியிருந்தாலும் அந்தக் காகிதம் செல்லாது.

பாதிக் கூலியில் குடும்பம் நடக்குமா? நடக்காது. முழுக் கூலி கேட்டுப் போராடத்தான் வேண்டும். ஆனால் சட்டம் தரும் பாதியையே ஒரு பொய்யால் பறிகொடுத்துவிட்டு, முழுசை எப்படி வாங்கப் போகிறோம்?

"எல்லாம் விதி" என்பார்கள். இடுப்புக் கயிறும் தடுப்புப் பலகையும் கொடுக்காத கஞ்சத்தனத்துக்கு விதி என்று பெயரா? "குடித்திருந்தான்" என்பார்கள். சொன்னால் போதாது, நிரூபிக்கட்டும். "தர்மபுரிக்கே போய்ப் படுத்துக்கொள், பஸ் சார்ஜ் தருகிறேன்" என்பார்கள். ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டால் வழக்கும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்!

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இதை மனதில் வைக்க வேண்டும்:

1. சஞ்சய் காந்தி ஆஸ்பத்திரியோ, பௌரிங்கோ, விக்டோரியாவோ, எங்கே போனாலும் "வேலையிடத்தில் விழுந்தார்" என்று இடத்தின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2. புத்தூர்க் கட்டுக்குப் போக நினைப்பவர்களும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் சீட்டு வாங்குங்கள். மாவுக்கட்டுக்குள் வலி ஏறினாலோ, விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

3. கூட வேலை செய்த இருவரின் பெயர், கூலி எழுதிய நோட்டு, வேலையிடத்தின் போட்டோ ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். முதலாளிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். தட்டிக் கழித்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுப்போம்; நாமும் கூட வருவோம்.

4. 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயதுள்ள ஆணும் பெண்ணும் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். கட்டடச் செலவில் நூற்றுக்கு 1 வீதம் வசூலாவது நமக்காகத்தான்.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் ஊன்றுகோலும் நாற்காலியும் பொதுவில் இருக்கட்டும். தண்ணீர் பிடிக்கவும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவும் தெருவில் முறை வைப்போம். ஒரு பெண் குழந்தையும் அப்பாவின் காலுக்காகப் படிப்பை நிறுத்தக் கூடாது. அண்டை வீட்டுக் கன்னடத் தோழருக்கும் இதே சாரம், இதே மேஸ்திரி, அவரையும் சேர்த்துக்கொள்வோம்.

காலை முறித்தது வேலை. அது ஆறும்வரை அடுப்பெரியச் செய்வதும் அந்த வேலையின் கடன். கெஞ்சாமல் கேட்போம்! சேர்ந்து கேட்போம்!